யூ.எஸ்.பி. - சீரியல் மாற்றி கேபிள்

யூ.எஸ்.பி. - சீரியல் மாற்றி கேபிள் என்பது, யூ.எஸ்.பி. போர்ட் மட்டுமே உள்ள இன்றைய கணினியை, ஆர்.எஸ்.-232 என்னும் பழைய சீரியல் போர்ட் உள்ள கருவியுடன் இணைக்கும் சாதனம் ஆகும். பார்ப்பதற்குச் சாதாரண கேபிளைப் போல இருந்தாலும், இதன் தலைப்பகுதிக்குள் ஒரு சிறிய சிப் உள்ளது. கணினியும் கருவியும் பேசும் இரு வேறு முறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தருவது அந்தச் சிப்பின் வேலை. இதனால் இக்கேபிளைச் செருகியதும் கணினி முதலில் அந்தச் சிப்பை அடையாளம் காண வேண்டும். அதன் பிறகே மறுமுனையில் உள்ள கருவியின் தரவைப் பெற முடியும்.

மின்னணுத் தராசு, மழைமானி, ஆய்வகக் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வலையமைப்பு ரௌட்டர் போன்றவற்றில் சீரியல் போர்ட் இன்றும் உள்ளது. “கேபிளைச் செருகினேன், கணினிக்குத் தெரியவில்லை” என்ற முறையீடு இவற்றைப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலும் கேட்பதுதான். அடையாளம் காணுதல் ஒரே நிகழ்வு அன்று; ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் நான்கு படிகள் அதில் உள்ளன. எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

நீலகிரியில் இதன் தேவை

நீலகிரி மலையில் இக்கேபிளின் பயனை இரண்டு இடங்களை வைத்து விளக்கலாம். ஒன்று தேயிலை எடை போடும் இடம். மற்றது மழை அளக்கும் இடம்.

மாவட்டத்தின் சிறு, குறு விவசாயிகள் பசுந்தேயிலையைக் கிலோ கணக்கில் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றனர். 1962-இல் குந்தாவில் தொடங்கப்பட்ட கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் வழியில் வந்த பல தொழிற்சாலைகள், இன்ட்கோசர்வ் என்னும் கூட்டுறவு இணையத்தின் கீழ் இயங்குகின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வாதாரம் அளிக்கத் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976-இல் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருவெடுத்தது. விவசாயி விற்கும் இலைக்கும் தொழிலாளி பறிக்கும் இலைக்கும் கணக்கு கிலோவில்தான்.

மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். அதைக் கணினியுடன் இணைத்தால் தராசு காட்டும் எடை நேரடியாகக் கணக்கில் ஏறும். இணைப்பு இல்லையெனில் ஒருவர் எண்ணைப் படிக்க, மற்றொருவர் எழுத, பிறகு வேறொருவர் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். 16.4 என்பது 14.6 ஆக மாற ஒரு நொடி போதும். அந்தப் பிழை ஒருவருடைய கூலியிலோ விலையிலோ போய் நிற்கும். ஈர இலைக்கு எடை கழிக்கும் மழைக்காலத்தில், முதலில் தராசு காட்டிய எடை என்ன என்பதற்குக் கைபடாத பதிவு இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்தது மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த கனமழையால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மி.மீ. மழை பதிவானது. எவ்வளவு மழை, எத்தனை மணி நேரத்தில் பெய்தால் சரிவுகள் நகரும் என்று கணிப்பதற்குப் பழைய மழைப் பதிவுகளே அடிப்படை. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020-இல் சோதனை முறையில் தொடங்கிய நிலச்சரிவு முன்னறிவிப்பு, மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் பகுதியையும் நீலகிரியையும் உள்ளடக்கியது.

தானியங்கி மழைமானிகளில் ஒரு வகை கவிழ்கிண்ண மழைமானி. 0.2 மி.மீ. போன்ற சிறு அளவு மழை சேர்ந்ததும் உள்ளே இருக்கும் கிண்ணம் ஒருமுறை கவிழும். அந்த நேரத்தை டேட்டா லாகர் என்னும் பதிவுப் பெட்டி குறித்துக்கொள்ளும். ஒரு நாளில் 820 மி.மீ. மழை பெய்தால், 0.2 மி.மீ. கிண்ணம் 4,100 முறை கவிழ வேண்டும். பழைய பதிவுப் பெட்டிகளில் பலவற்றிலிருந்து தரவை எடுக்க ஒரே வழி சீரியல் போர்ட்தான். நினைவகம் நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும் பெட்டியாக இருந்தால், உரிய நாளில் தரவை எடுக்காதபோது பழைய பதிவு அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

அறிவியல் கருவிகள் நெடுங்காலம் உழைப்பவை. உதகை அருகே முத்தோரையில் 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி, அதனுடன் இணைந்த மின்னணுக் கருவிகள் பலமுறை மாற்றப்பட்ட பின்னும் பணியில் உள்ளது. தராசுக்கும் மழைமானிக்கும் இதே நிலைதான். கருவி இருபது ஆண்டு உழைக்கும். கணினி ஐந்தாறு ஆண்டுகளில் மாறிவிடும். அந்த இடைவெளியை நிரப்புவது மாற்றி கேபிள்.

வரலாறு

ஆர்.எஸ்.-232 தரமுறை 1960-இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழிலகக் கூட்டமைப்பால் வெளியிடப்பட்டது. தொலையச்சு இயந்திரங்களை மோடத்துடன் இணைப்பதே அதன் முதல் நோக்கம். 1969-இல் வந்த அதன் ‘சி’ பதிப்பு உலகெங்கும் பரவியது. 1984-இல் வெளியான ஐ.பி.எம்.மின் பி.சி. ஏ.டி. கணினியில் ஒன்பது ஊசிப் போர்ட் இடம்பெற்றது. அதன் பிறகு அதுவே கணினிகளில் வழக்கமானது.

அச்சுப்பொறிக்கு ஒரு போர்ட், மவுசுக்கு ஒன்று, விசைப்பலகைக்கு மற்றொன்று என்று இருந்த நிலையை மாற்ற யூ.எஸ்.பி. உருவாக்கப்பட்டது. இதன் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் குஜராத்தின் வடோதராவைச் சேர்ந்த அஜய் பட். யூ.எஸ்.பி. பரவியபின் மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் மறைந்தது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இல்லை. எனவே அத்தகைய மடிக்கணினியில் பழைய கருவியின் தரவைப் பெற நினைக்கும் மாணவருக்கு மாற்றி கேபிள் தேவைப்படும்.

இரு முறைகளின் வேறுபாடு

சீரியல் போர்ட்டில் தரவு ஒவ்வொரு பிட்டாக ஒரே கம்பி வழியே செல்லும். ஒன்பது ஊசிப் போர்ட்டில் 2-ஆம் ஊசி கணினி பெறுவதற்கு, 3-ஆம் ஊசி கணினி அனுப்புவதற்கு, 5-ஆம் ஊசி பொதுத் தரைக்கு. எளிய கருவிகள் பலவற்றுக்கு இந்த மூன்று கம்பிகளே போதும். தரமுறைப்படி அனுப்பும் முனையில் -5 முதல் -15 வோல்ட் வரை ‘1’. +5 முதல் +15 வோல்ட் வரை ‘0’. பெறும் முனை 3 வோல்ட் வரை குறைந்து வருவதையும் ஏற்கும்.

சீரியல் போர்ட்டில் ‘நான் யார்’ என்று அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம் இல்லை. மறுமுனையில் தராசு இருக்கிறதா, எதுவுமே இல்லையா என்பது கணினிக்குத் தெரியாது. யூ.எஸ்.பி. இதற்கு நேர்மாறானது. இணையும் ஒவ்வொரு சாதனமும் தன் அடையாளத்தைச் சொல்லியாக வேண்டும். கணினி கேட்டால் மட்டுமே பேச வேண்டும். மாற்றி கேபிளைப் பொறுத்தவரை கணினி அடையாளம் காண்பது கேபிளில் உள்ள சிப்பை மட்டுமே. தராசையோ மழைமானியையோ அன்று. இந்த வேறுபாட்டை மறப்பதால்தான் பலர் தவறான இடத்தில் கோளாறைத் தேடுகின்றனர்.

அடையாளம் காணும் நான்கு படிகள்

முதல் படி மின்சாரம். கேபிளைச் செருகியதும் யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்து 5 வோல்ட் சிப்புக்குக் கிடைக்கிறது. சிப், இரு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை மூலம் உயர்த்துகிறது. ஏதோ ஒரு சாதனம் வந்துள்ளது என்று கணினி இதிலிருந்து அறிகிறது.

இரண்டாம் படி அறிமுகம். கணினி அச்சாதனத்தை மீட்டமைத்து, 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்றைத் தருகிறது. பிறகு 18 பைட் அளவுள்ள ஒரு விவரப் பட்டியலைக் கேட்டுப் பெறுகிறது. அதில் உற்பத்தியாளர் எண், பொருள் எண் என்னும் இரண்டு எண்கள் இருக்கும். பதினாறடிமான முறையில் எழுதப்படும் இவ்விரு எண்களே கேபிளின் பிறப்புச் சான்று.

மூன்றாம் படி டிரைவர். கணினியின் இயக்குதளம் அந்த எண்களை வைத்துப் பொருத்தமான டிரைவர் மென்பொருளைத் தேடி இணைக்கிறது. யூ.எஸ்.பி. தரமுறையில் தொடர்பாடல் சாதனங்களுக்கென ஒரு பொது வகை இருந்தாலும், மாற்றி கேபிள்களின் சிப்கள் பலவும் தத்தம் நிறுவனத்தின் தனி முறையையே பின்பற்றுகின்றன. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் வேண்டும்.

நான்காம் படி போர்ட்டின் பெயர். டிரைவர் இணைந்ததும் இயக்குதளம் ஒரு மெய்நிகர் சீரியல் போர்ட்டை உருவாக்கிப் பெயர் சூட்டுகிறது. விண்டோஸில் அது காம்-3, காம்-7 போன்ற பெயராக இருக்கும். எடைக் கணக்கு மென்பொருளோ தரவிறக்க மென்பொருளோ பயன்படுத்துவது இந்தப் பெயரைத்தான்.

சிப் வகைகள்

கேபிளின் மேல் உள்ள வணிகப் பெயரைவிட உள்ளே உள்ள சிப்பின் பெயரே முக்கியம். சந்தையில் அதிகம் காணப்படும் வகைகளும் அவற்றின் எண்களும் பின்வருமாறு:

- ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.டி.232ஆர்: 0403:6001
- தைவானின் புரொலிஃபிக் நிறுவனத்தின் பி.எல்.2303: 067பி:2303
- அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் சி.பி.2102: 10சி4:ஈஏ60
- சீனாவின் டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சி.எச்.340: 1ஏ86:7523

எண் தெரிந்தால் எந்த டிரைவர் தேவை என்பதும் தெரிந்துவிடும். டிரைவரைச் சிப் உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே பெற வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் ‘இலவச டிரைவர்’ தளங்களில் தேவையற்ற மென்பொருள்கள் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு.

விண்டோஸில் கோளாறு கண்டறிதல்

விண்டோஸில் பார்க்க வேண்டிய இடம் டிவைஸ் மேனேஜர். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகவும் பிடுங்கவும் வேண்டும். பட்டியலில் ஏற்படும் மாற்றத்தை வைத்து எந்தப் படியில் சிக்கல் என்று முடிவு செய்யலாம்.

பட்டியலில் அசைவே இல்லை என்றால் முதல் படியில் சிக்கல். கேபிளோ யூ.எஸ்.பி. போர்ட்டோ பழுதாக இருக்கலாம். வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும், இடையில் யூ.எஸ்.பி. ஹப் இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாகச் செருக வேண்டும்.

‘அன்நோன் யூ.எஸ்.பி. டிவைஸ்’ என்றும் டிஸ்கிரிப்டர் கோரிக்கை தோல்வி என்றும் வந்தால் இரண்டாம் படியில் சிக்கல். சாதனம் வந்தது தெரிகிறது. அது தன் விவரத்தைச் சொல்லவில்லை. முறிந்த தரவுக் கம்பி, கறுத்துப்போன தொடுமுனை, பழுதான சிப் ஆகியவை காரணங்கள். டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் இது சரியாகாது.

‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்துடன் தோன்றி, குறியீடு 28 என்று காட்டினால் மூன்றாம் படியில் சிக்கல். டிரைவர் இல்லை என்பது பொருள். அந்த வரியில் வலது சொடுக்கு செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டீடெயில்ஸ்’ தாவலில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பார்த்தால் மேலே சொன்ன இரு எண்கள் கிடைக்கும்.

‘போர்ட்ஸ்’ என்பதன் கீழ் வந்தும் குறியீடு 10 என்று காட்டினால், டிரைவர் இருக்கிறது. ஆனால் சாதனத்தை இயக்க முடியவில்லை. பழைய பி.எல்.2303 சிப்களில் இது அடிக்கடி காணப்படும். ‘போர்ட்ஸ்’ என்பதன் கீழ் காம் எண்ணுடன், எச்சரிக்கைக் குறியின்றி வந்துவிட்டால் கணினி தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பின்னும் தரவு வராவிட்டால் காரணத்தைப் போர்ட் எண்ணிலோ, அமைப்பிலோ, கருவியிலோ தேட வேண்டும்.

போர்ட் எண் மாறுதல்

நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் போர்ட் எண்ணைப் பார்ப்பது நல்லது. தனி வரிசை எண் இல்லாத சிப்களை, செருகும் இடத்தை வைத்தே விண்டோஸ் நினைவில் கொள்கிறது. அதனால் அதே கேபிளை இடப்பக்கப் போர்ட்டிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினால் காம்-3 என்பது காம்-5 ஆகிவிடலாம். எடை மென்பொருள் காம்-3-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு எளிய தீர்வு, கேபிளுக்கு ஒரே போர்ட்டை ஒதுக்கி அதன்மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டிவைப்பது. எண்ணையே மாற்ற வேண்டுமானால் போர்ட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘போர்ட் செட்டிங்ஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’ சென்று மாற்றலாம். காம்-1 முதல் காம்-4 வரை மட்டுமே ஏற்கும் மிகப் பழைய மென்பொருள்களுக்கு இந்த மாற்றம் கட்டாயம்.

சிறிது நேரம் வேலை செய்து பிறகு நின்றுவிட்டால், மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் அந்த யூ.எஸ்.பி. போர்ட்டை உறங்க வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின் அமைப்புகளில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டு’ என்பதை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

லினக்ஸில் கோளாறு கண்டறிதல்

மேலே சொன்ன நான்கு சிப்களுக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளது. பொதுவாகத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ‘எல்.எஸ்.யூ.எஸ்.பி.’ கட்டளை இணைந்துள்ள சாதனங்களின் எண்களைக் காட்டும். ‘டிமெசேஜ்’ கட்டளை, செருகிய நொடி முதல் நடந்தவற்றை வரிசையாகக் காட்டும். எல்லாம் சரியாக நடந்தால் இறுதி வரியில் டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.0 என்பது போன்ற பெயர் இருக்கும்.

பெயர் கிடைத்தும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், பயனர் உரிய குழுவில் இல்லை என்பது பொருள். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அக்குழுவின் பெயர் ‘டயல்அவுட்’. பயனரை அதில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் சரியாகும்.

உபுண்டு 22.04 பதிப்பில் ஒரு விந்தையான சிக்கல் பலருக்கு ஏற்பட்டது. சி.எச்.340 கேபிளைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவியை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்னும் மென்பொருளே காரணம். சில பிரெய்ல் கருவிகளிலும் இதே சிப், இதே எண்ணுடன் இருப்பதால், செருகியது பிரெய்ல் கருவி என்று எண்ணி அது போர்ட்டைக் கைப்பற்றிக்கொண்டது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கணினியில் அம்மென்பொருளை நீக்கினால் போர்ட் நிலைத்துவிடும். எண் ஒன்றாக இருந்தால் சாதனமும் ஒன்று என்று கணினி நம்பும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

போலிச் சிப்களும் டிரைவர்களும்

புகழ்பெற்ற சிப்களின் போலிகள் சந்தையில் ஏராளம். அவை அசலின் எண்களையே சொல்வதால் அசலின் டிரைவரிலேயே இயங்கிவந்தன. 2014-இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைச் சுழியமாக மாற்றியது. அதன்பின் எந்தக் கணினியும் அக்கேபிளை அடையாளம் காணவில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே வந்த மென்பொருள் என்பதால், தாம் வாங்கியது போலி என்றே அறியாத பலரின் கருவிகள் செயலிழந்தன. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் வந்த மற்றொரு பதிப்பு, போலிச் சிப் இருந்தால் உண்மைத் தரவுக்குப் பதிலாக ‘இது அசல் சாதனம் அல்ல’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை அனுப்பியது.

புரொலிஃபிக் நிறுவனம் வேறு வழியைக் கையாண்டது. பி.எல்.2303 வரிசையின் பழைய ‘எச்.எக்ஸ்.ஏ.’ வகைக்கு விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் ஆதரவு இல்லை என அறிவித்தது. அச்சிப் 2012-இலேயே கைவிடப்பட்டது என்ற செய்தியைப் புதிய டிரைவர்கள் டிவைஸ் மேனேஜரில் காட்டின. இதனால் போலிகளோடு, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த அசல் பழைய கேபிள்களும் பயனற்றுப் போயின. பழைய டிரைவரை நிறுவிச் சிலர் சமாளித்தாலும், அப்டேட் வந்ததும் புதிய டிரைவர் மீண்டும் இடம்பிடிக்கும். தினமும் எடை போடும் இடத்தில் இந்த நிச்சயமின்மையைச் சுமப்பதைவிடக் கேபிளையே மாற்றுவது மேல்.

சுற்றுச் சோதனை

காம் எண் வந்தபின் கோளாறு கேபிளிலா கருவியிலா என்று அறிய ‘லூப்பேக்’ எனப்படும் சுற்றுச் சோதனை உதவும். கருவியைக் கழற்றிவிட்டு, கேபிளின் ஒன்பது ஊசி முனையில் 2-ஆம் ஊசியையும் 3-ஆம் ஊசியையும் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். ஊசிகளின் அருகே எண்கள் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு ‘புட்டி’ போன்ற டெர்மினல் மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்து ஏதேனும் தட்டச்சு செய்ய வேண்டும். அடித்த எழுத்து திரையில் தெரிந்தால், கணினியிலிருந்து சென்ற தரவு கேபிளின் முனைவரை போய்த் திரும்பியுள்ளது. கேபிளும் டிரைவரும் சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும். அப்போதும் வந்துகொண்டிருந்தால் அது மென்பொருளே காட்டும் எதிரொலி. அதை நிறுத்திவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கருவியுடன் பேசுதல்

சுற்றுச் சோதனையில் தேறிய கேபிள் கருவியுடன் பேச மறுத்தால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வேகமும் வடிவமும். இரு முனைகளிலும் ‘பாட் ரேட்’ எனப்படும் வேகம், தரவு பிட், சமநிலை பிட், நிறுத்த பிட் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். 9600, 8, இல்லை, 1 என்பது பரவலான அமைப்பு. தராசுகளில் 2400, 1200 போன்றவையும் உண்டு. இந்த விவரம் கருவியின் கையேட்டில் இருக்கும். புரியாத குறிகள் திரையில் கொட்டினால் வேகம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்கு 10 பிட் என்றால் நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். மேலே சொன்ன 4,100 மழைப் பதிவுகள் ஒவ்வொன்றும் 20 எழுத்து என்றால், அனைத்தையும் இறக்க ஒன்றரை நிமிடமே ஆகும்.

இரண்டாவது, கம்பிகளின் திசை. கணினியும் கருவியும் ஒரே ஊசியில் அனுப்பினால் இரண்டும் பேசும், எதுவும் கேட்காது. அப்போது 2, 3 ஊசிகளை மாற்றி இணைக்கும் ‘நல் மோடம்’ இணைப்பி தேவை.

மூன்றாவது, மின்னழுத்தம். நுண்கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கான யூ.எஸ்.பி. மாற்றிகள் 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குபவை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அவை ஆர்.எஸ்.-232 அன்று. அவற்றைத் தராசின் ஒன்பது ஊசிப் போர்ட்டில் இணைத்தால் தரவு வராது. 12 வோல்ட் பாய்ந்து மாற்றி எரிந்துபோகவும் கூடும். கல்லூரித் திட்டப்பணிகளில் அடிக்கடி நேரும் இழப்பு இது.

மலைச் சூழலில் கவனிக்க வேண்டியவை

பனிமூட்டமும் நீண்ட மழைக்காலமும் உள்ள மலைப்பகுதியில் தொடுமுனைகளில் ஈரம் படிந்து துரு ஏறும். பயன்படுத்தாத கேபிளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. கறுத்த தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்ககால் தொட்ட துணியால் துடைக்கலாம்.

எடை போடும் கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் இடையே தூரம் இருந்தால், யூ.எஸ்.பி. பகுதியை நீட்டக் கூடாது. அதன் எல்லை சுமார் 5 மீட்டர். ஆர்.எஸ்.-232 பகுதியை 15 மீட்டர் வரை நீட்டலாம். அதற்கும் மேல் தேவையெனில், 1,200 மீட்டர் வரை செல்லக்கூடிய ஆர்.எஸ்.-485 முறைக்கு மாறுவதே தகும். இரு கட்டடங்களின் தரை மின்னழுத்தம் வேறுபட்டாலோ, இடி மின்னல் அருகே தாக்கினாலோ கணினியின் போர்ட் பாழாகலாம். இரு பக்கங்களையும் மின்சார வகையில் பிரித்துவைக்கும் ‘ஐசொலேட்டட்’ மாற்றிகள் இதற்காகவே கிடைக்கின்றன. மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றிவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

மலைமேல் உள்ள மழைமானிக்குச் செல்பவர், புறப்படும் முன் அலுவலகத்திலேயே கேபிளைச் செருகிக் காம் எண்ணைப் பார்த்து, சுற்றுச் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும். இணைய வசதி இல்லாத இடத்தில் டிரைவரைத் தரவிறக்க முடியாது என்பதால் டிரைவர் கோப்பையும் மடிக்கணினியில் வைத்திருக்க வேண்டும். வேறு வகைச் சிப் கொண்ட இரண்டாவது கேபிள் ஒன்றும் பையில் இருந்தால், ஒரு டிரைவர் கைவிட்டாலும் மற்றொன்று உதவும். சிப்பின் பெயர், காம் எண், வேகம், கம்பி நேரானதா மாற்றிப் போட்டதா என்ற நான்கு விவரங்களை எழுதிக் கருவியின் பெட்டியிலேயே ஒட்டிவைப்பது சிறந்த வழக்கம். கணினி மாறும்போதும், அதைப் பார்த்துக்கொண்டவர் பணி மாறிச் செல்லும்போதும், அடுத்து வருபவர் அந்தத் தாளைப் பார்த்து அன்றைய எடையையும் மழையையும் விடுபடாமல் பதிவு செய்ய முடியும்.